பென்ஷன் போனது, வகுப்பு நிற்கவில்லை



நம் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசுபவர்கள் எப்போதும் அதே நாலைந்து பேர்தான். பேசாதவர்களைப் பேச வைப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஓர் ஆசிரியையை இந்த இதழில் உங்களுக்கு அறிமுகம் செய்கிறோம். பெயர் செப்டிமா கிளார்க்.

1898-ல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம், சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை அடிமையாகப் பிறந்தவர். செப்டிமா படிப்பை முடித்தபோது நகரின் அரசுப் பள்ளிகள் கறுப்பின ஆசிரியர்களைச் சேர்க்கவில்லை. எனவே 1916-ல் அருகிலிருந்த ஜான்ஸ் தீவுக்குப் போய்க் கற்பித்தார். பிறகு நகருக்குத் திரும்பி, வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினார். 1920-ல் தடை நீங்கியது.

1956-ல் புதிய சட்டம் வந்தது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் உறுப்பினராக இருப்பவருக்கு அரசு வேலை கிடையாது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? செப்டிமா உறுப்பினர் என்பதை மறைக்கவில்லை. சுமார் 40 ஆண்டு செய்த வேலையும் போனது, பென்ஷனும் போனது.

டென்னசியில் இருந்த ஹைலேண்டர் பள்ளி அவரைப் பயிற்சி வகுப்புகளுக்குப் பொறுப்பாளராக்கியது. 1957 ஜனவரியில், ஜான்ஸ் தீவுக் கூட்டுறவுக் கடையின் பின்னறையில் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாக்காளராவது அங்கே மிகக் கடினம். பாடம் நடத்தியவர் செப்டிமாவின் உறவினர் பெர்னிஸ் ராபின்சன். இவர் ஆசிரியை அல்ல, முடி அலங்காரத் தொழில் செய்தவர். வந்தவர்களிடம் முதலில் கேட்டது, உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்பதுதான். தம் பெயரை எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அதுவே பாடமானது. அதன் வழியாக வாக்காளர் பதிவுக்கும் தயாரானார்கள்.

1961 முதல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இப்பள்ளிகளை ஏற்றது. தென் மாநில ஊர்களிலிருந்து சாதாரண மக்கள் ஜார்ஜியாவுக்கு வந்து பயிற்சி பெற்று, ஊர் திரும்பித் தாமே வகுப்பு நடத்தினார்கள். செப்டிமாவின் பென்ஷன் 1976-ல்தான் திரும்பக் கிடைத்தது. 1987-ல் மறைந்தார்.

குப்பையோ, தண்ணீரோ, அடுத்த கூட்டத்தில் எதைப் பேசினாலும், கடைசி வரிசையில் இருப்பவரிடம் முதலில் கேளுங்கள்: உங்களுக்கு என்ன வேண்டும்? அவர் நம் காவலாளியாகவோ, துப்புரவுப் பணியாளராகவோ இருந்தாலும் கேளுங்கள்.