கொடுத்த வாக்குக்காகப் பதவி துறந்த சட்டமா அதிபர்

ஆட்சியாளரை விசாரிக்கும் வழக்குத்தொடுநரின் பதவி அதே ஆட்சியாளரின் கையில் இருக்குமாயின் நீதி எவ்வாறு நிலைக்கும்? இக்கேள்வி எழும்போதெல்லாம் நினைவுகூரப்பட வேண்டியவர், அமெரிக்காவின் முன்னாள் சட்டமா அதிபர் எலியட் றிச்சர்ட்சன்.

1920 ஆம் ஆண்டு பொஸ்டன் நகரில் பிறந்த அவர், 1944 ஜூன் 6 ஆம் திகதி நோர்மண்டிக் கரையில் இறங்கிய அமெரிக்கப் படையினருள் ஒருவர். போரின் பின்னர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் சட்டக் கல்வியை நிறைவு செய்து, மசாசூசெட்ஸ் மாநிலத்தில் வழக்குத்தொடுநராகப் பணியாற்றினார். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அவர், ஜனாதிபதி நிக்சனின் அமைச்சரவையில் சுகாதாரம், பாதுகாப்பு ஆகிய பொறுப்புகளை வகித்த பின்னர் 1973 மே மாதம் சட்டமா அதிபரானார்.

வோட்டர்கேட் விவகாரம் நாட்டை உலுக்கிய வேளை அது. விசேட வழக்குத்தொடுநர் சுதந்திரமாக இயங்குவார் என்றும், பாரதூரமான முறைகேடு புரிந்தாலன்றி நீக்கப்பட மாட்டார் என்றும் அவர் செனட் சபைக்கு உறுதியளித்தார். தமது முன்னாள் ஆசானான ஆர்ச்சிபால்ட் கொக்ஸை அப்பதவிக்கு நியமித்தார்.

வெள்ளை மாளிகையின் ஒலிப்பதிவு நாடாக்களைக் கொக்ஸ் விடாது கோரியபோது, அவரை நீக்குமாறு 1973 ஒக்டோபர் 20 ஆம் திகதி நிக்சன் பணித்தார். றிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகினார். பிரதி சட்டமா அதிபர் வில்லியம் றக்கெல்ஸ்ஹவுஸும் மறுத்து வெளியேறினார். அடுத்த நிலையிலிருந்த றொபர்ட் போர்க் அப்பணிப்பை நிறைவேற்றினார். அந்நீக்கம் சட்டவிரோதமானது என அடுத்த மாதமே நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. மக்களின் சீற்றத்தால் புதிய விசேட வழக்குத்தொடுநர் நியமிக்கப்பட்டு விசாரணை தொடர்ந்தது. 1974 ஓகஸ்ட் மாதம் நிக்சன் பதவி துறந்தார்.

றிச்சர்ட்சன் 1976 இல் வர்த்தக அமைச்சராக மீண்டும் அமைச்சரவைக்குத் திரும்பி, 1999 டிசம்பர் 31 ஆம் திகதி காலமானார்.

2006 டிசம்பரில் அமெரிக்க அரச வழக்குத்தொடுநர்கள் எழுவர் ஒரே நாளில் நீக்கப்பட்டமை அரசியல் நோக்குடையது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. காங்கிரஸுக்கு அளித்த முரண்பட்ட விளக்கங்களால் நம்பிக்கையிழந்த சட்டமா அதிபர் அல்பேர்ட்டோ கொன்சாலெஸ், 2007 இல் பதவி விலக நேர்ந்தது. இருவரும் பதவியிழந்தனர். ஒருவர் சட்டமன்றத்துக்குக் கொடுத்த வாக்கைக் காக்க விலகினார். மற்றவர் சட்டமன்றத்தின் நம்பிக்கையை இழந்து விலகினார். நியமித்தவருக்கன்றி, பொறுப்பை ஒப்படைத்த மக்களுக்கே அதிகாரி விசுவாசமாக இருத்தல் வேண்டும் என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகின்றது.