கண்ணாடி மாளிகை கட்டிய தோட்டக்காரர்

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியாகக் கேமரன் மலைக்கு ஏறி வருவோரைக் கம்போங் ராஜா முதலில் வரவேற்கிறது. தேயிலைச் செடிகள் போர்த்திய சரிவுகள் ஒருபுறம். நெகிழிக் கூரை வேய்ந்த பசுமைக்குடில்கள் மறுபுறம். தக்காளி, குடைமிளகாய் போன்ற பயிர்களை மலைமழையிலிருந்து காப்பதற்காக எழுப்பப்பட்டவை அக்குடில்கள். மலை குளிர்ந்ததுதான் என்றாலும், நண்பகல் வெயிலில் மூடிய குடிலுக்குள் நுழைந்தால் சற்று நேரத்தில் உடல் வியர்த்துவிடும். கூரையை ஊடுருவி வரும் ஒளி மண்ணையும் செடிகளையும் சூடாக்குகிறது. சூடேறிய காற்றோ வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கி நிற்கிறது. அதனால்தான் விவசாயிகள் குடிலின் பக்கங்களைத் திறந்து வலையடிக்கின்றனர். வெயில் மிகுந்தால் நிழல்வலை விரிக்கின்றனர்.

இதே வெப்பத்தோடு 170 ஆண்டுகளுக்கு முன்பே போராடியவர் ஒருவர் உண்டு. அவர் காக்க வேண்டியிருந்தது செடிகளை மட்டுமன்று. ஒரு கோடைக்காலம் முழுவதும் இலட்சக்கணக்கான மக்கள் கூடவிருந்த கண்ணாடிக் கட்டடம் ஒன்றை அவர் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பொறியியல் படித்தவர் அல்லர், தோட்டக்காரர். அவர் பெயர் ஜோசப் பாக்ஸ்டன்.

பாக்ஸ்டன் 1803ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயர் வட்டாரத்தில் ஓர் எளிய வேளாண் குடும்பத்தில் ஏழாவது மகனாகப் பிறந்தார். பதின்ம வயதிலேயே செல்வர் ஒருவரின் தோட்டத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். 1823இல் இலண்டனுக்கு அருகே சிசிக் என்னுமிடத்திலிருந்த தோட்டக்கலைக் கழகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்குத் தம் பிறந்த ஆண்டை 1801 என்று பதிவு செய்தார். வயதைக் கூட்டிச் சொன்னது தவறுதான். வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற ஏழை இளைஞனின் அச்சம் அதில் தெரிகிறது.

கழகத்தின் தோட்டம் டெவன்ஷயர் கோமகனுக்குச் சொந்தமான நிலத்தில் இருந்தது. அங்கு அடிக்கடி உலாவ வந்த கோமகன், இந்த இளைஞரின் சுறுசுறுப்பைக் கவனித்தார். 1826இல் தமது சாட்ஸ்வர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அப்போது பாக்ஸ்டனுக்கு வயது 22. மே மாதம் 9ஆம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு அவர் சாட்ஸ்வர்த்தை அடைந்தார். வாயிற்கதவு பூட்டிக் கிடந்தது. விடியும்வரை காத்திராமல் சுவரேறிக் குதித்து, தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்து, ஆள்களை வேலையில் ஈடுபடுத்தி, அதன்பின்பே காலையுணவுக்கு அமர்ந்தார். அந்த உணவு மேசையில்தான் சாரா பௌன் என்ற பெண்ணைச் சந்தித்தார். மறு ஆண்டு இருவருக்கும் திருமணம் நடந்தது. பிற்காலத்தில் பாக்ஸ்டன் ஊர் ஊராகச் சுற்றியபோதெல்லாம் சாட்ஸ்வர்த் பணிகளைத் திறம்படக் கவனித்துக்கொண்டவர் சாரா அம்மையாரே.

சாட்ஸ்வர்த்தில் வெப்ப நாட்டுச் செடிகள் வந்து குவிந்தன. மொரிசியசிலிருந்து வந்த ஒரு வாழையை பாக்ஸ்டன் 1830களில் அங்கே காய்க்க வைத்தார். கோமகனின் குடும்பப் பெயரான கேவண்டிஷ் என்பதே அதற்குச் சூட்டப்பட்டது. இன்று உலகச் சந்தையில் மிகுதியாக விற்கப்படும் வாழைப்பழம் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இத்தகைய செடிகள் இங்கிலாந்தின் பனியில் பிழைக்க வேண்டுமானால் கண்ணாடி வீடு வேண்டும். 1836இல் தொடங்கி, சுமார் 84 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட பெருங்கண்ணாடிக் கூடம் ஒன்றை பாக்ஸ்டன் எழுப்பினார். நிலத்தடியில் எட்டுக் கொதிகலன்கள் எரிந்தன; அங்கிருந்து நீண்ட குழாய்களில் வெந்நீர் ஓடியது. குளிரை வெல்வது அவ்வளவு கடினமாக இல்லை. நிலக்கரி இருந்தால் போதும். கோடைக்காலத்து வெப்பத்தை வெல்வதற்கு எரிபொருள் எதுவும் உதவாது. அதற்குக் கூரையின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

பாக்ஸ்டன் தேர்ந்தெடுத்தது காய்கறித் தோட்டத்துப் பாத்தியைப் போன்ற கூரை. மேடும் பள்ளமும் மாறி மாறி வரும்படி கண்ணாடிகளைச் சாய்த்துப் பொருத்தினார். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் இளவெயில் அச்சரிவுகளின் மீது நேராகப் படும். ஒளி தடையின்றி உள்ளே நுழையும். நண்பகலில் தலைக்கு மேலிருந்து வரும் சுடுவெயிலோ கண்ணாடியின் மீது சாய்வாகப் படும். அதில் ஒரு பகுதி தெறித்துப் போய்விடும். இந்த வடிவத்தை முதலில் எண்ணியவர் அவரல்லர். லவுடன் என்ற தோட்டக்கலை அறிஞர் முன்னரே அதை முன்மொழிந்திருந்தார். எனினும், ஏட்டிலிருந்த எண்ணத்தைப் பெருங்கூரையாக்கிக் காட்டியவர் பாக்ஸ்டனே.

1849இல் தென் அமெரிக்காவைச் சேர்ந்த பேரல்லிச் செடியின் நாற்று ஒன்று அவர் கைக்கு வந்தது. நீரை வெதுவெதுப்பாக வைத்தும், ஆற்றில் இருப்பது போலவே அசைய விட்டும் அவர் அதை வளர்த்தார். அதே ஆண்டு நவம்பரில் அது பூத்தது. தட்டுப்போல் விரிந்த அதன் இலையின் மீது அவருடைய சிறிய மகள் ஆனி நின்றபோதும் இலை மூழ்கவில்லை. மெல்லிய இலையை அதன் அடியிலுள்ள நரம்புகளே தாங்குகின்றன என்பதை அவர் கூர்ந்து கண்டார்.

அடுத்த ஆண்டே அவருக்குப் பெரும் சோதனை வந்தது. உலக நாடுகளின் தொழிற்பொருள்களைக் காட்டும் கண்காட்சியை இலண்டன் ஹைட் பூங்காவில் 1851 மே மாதம் நடத்துவதென முடிவாகியிருந்தது. கட்டடத்திற்கு வந்த 245 வரைபடங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. குழுவினர் தாங்களே வரைந்த செங்கல் கட்டடமும் மக்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. காலமோ குறைந்துகொண்டே வந்தது. 1850 ஜூன் 11ஆம் நாள் டார்பி நகரில் இரயில்வே நிறுவனக் கூட்டம் ஒன்றில் அமர்ந்திருந்த பாக்ஸ்டன், மையொற்றும் தாளொன்றில் ஒரு கண்ணாடி மாளிகையைக் கிறுக்கினார். ஒன்பதே நாள்களில் முழு வரைபடமும் ஆயத்தமானது. அந்தத் தாள் இன்றும் இலண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் பாதுகாக்கப்படுகிறது.

வரைபடம் ஏற்றுக்கொள்ளப்பட்டாலும் ஐயங்கள் அடங்கவில்லை. காற்றில் சரிந்துவிடும் என்றனர் சிலர்; மாடங்களின் மீது வீரர்களை அணிவகுத்து நடக்கச் செய்து அதன் வலிமை சோதிக்கப்பட்டது. வெப்பத்தைப் பற்றிய ஐயம் அதைவிடக் கடுமையானது. கண்காட்சி மே முதல் அக்டோபர் வரை, அதாவது கோடைக்காலம் முழுவதும் நடக்கவிருந்தது. கூட்டத்தினரின் உடல் வெப்பமும் வெயிலோடு சேர்ந்துகொள்ளும். வந்தவர்கள் உள்ளே மயங்கி விழுந்தால் கண்காட்சியோடு பாக்ஸ்டனின் பெயரும் கெட்டுவிடும்.

அவர் புதிதாக எந்த எந்திரத்தையும் தேடவில்லை. செடிகளோடு பழகிய பழக்கத்தையே நம்பினார். கூரை மேடுகளின் மீது வெளிப்புறத்தில் முரட்டுத் துணியை விரித்தார். கண்ணாடிக்கு உள்ளே நிழல் தருவதைவிட வெளியே தருவது மேலானது. வெப்பம் உள்ளே புகும் முன்பே தடுக்கப்பட்டுவிடும். வெயில் கடுமையானால் அத்துணியின் மீது நீர் தெளிக்கலாம் என்பதும் அவருடைய திட்டம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும். மண்பானையில் ஊற்றிய நீர் குளிர்வதும் இதனால்தான். சுவர்களின் அடியிலும் மேலும் சாய்த்துத் திறக்கக்கூடிய தகடுகளை வரிசையாகப் பொருத்தினார். கீழே திறந்த வழியில் குளிர்ந்த காற்று நுழைய, இலேசான சூடான காற்று மேலெழுந்து வெளியேறியது. தரைப் பலகைகளுக்கு இடையிலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டார். அவ்வழியே காற்றும் வந்தது. தூசியும் கீழே விழுந்தது.

563 மீட்டர் நீளமுள்ள அந்த மாளிகை, சுமார் 3 இலட்சம் கண்ணாடிகளோடு சில மாதங்களிலேயே எழும்பி நின்றது. பூங்காவிலிருந்த உயர்ந்த எல்ம் மரங்களை வெட்டாமல், அவற்றுக்கு மேல் வளைந்த கூரை அமைக்கப்பட்டது. 1851 மே முதல் நாள் விக்டோரியா மகாராணியார் கண்காட்சியைத் திறந்து வைத்தார். மூடும்வரை சுமார் 60 இலட்சம் வருகைகள் பதிவாகின. கூட்டம் நெருக்கிய வெயில் நாள்களில் உள்ளே புழுக்கம் இருந்தது உண்மையே. ஆயினும், கண்ணாடி மாளிகை ஒரு கோடையைக் கடந்துவிட்டது. அவ்வாண்டே பாக்ஸ்டன் 'சர்' பட்டம் பெற்றார். 1854இல் கவென்ட்ரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருமானார். 1865 ஜூன் 8ஆம் நாள் மறைந்த அவரை, தாம் சுவரேறிக் குதித்த சாட்ஸ்வர்த் தோட்டத்திற்கு அருகிலுள்ள எடென்சர் சிற்றூரில் அடக்கம் செய்தனர்.

சாட்ஸ்வர்த்தின் பெருங்கூடம் அழிந்தது வெப்பத்தால் அன்று, குளிரால். முதலாம் உலகப் போரின்போது நிலக்கரி கிடைக்காமல் கொதிகலன்கள் அணைந்தன, செடிகள் மடிந்தன. 1920இல் கூடமும் தகர்க்கப்பட்டது. கண்காட்சிக்குப் பின் இலண்டனின் சிடனம் பகுதிக்கு மாற்றிக் கட்டப்பட்ட பளிங்கு மாளிகையோ 1936 நவம்பர் 30ஆம் நாள் இரவில் தீக்கிரையானது. அதை முன்மாதிரியாகக் கொண்டு பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் 1889இல் தொடங்கப்பட்ட கண்ணாடி மாளிகை மட்டும் இன்றும் நிற்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் அங்கே மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது.