பிள்ளையவர்கள் எழுப்பிய வினா

சென்ற திங்கள் கணித வகுப்பில் எனக்கோர் ஐயம் எழுந்தது. கேட்டால் உடனிருப்போர் நகைப்பரோ என்று அஞ்சி வாய்மூடி இருந்துவிட்டேன். அன்றிரவு பெங்களூர் விடுதியறையில் உறக்கமின்றிப் புரண்டபோது, கணிதப் பேரறிஞர் ஒருவரின் வாழ்க்கை என் நினைவுக்கு வந்தது. அவர்தாம் சு. சி. பிள்ளை எனப்படும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளையவர்கள்.

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901 ஏப்ரல் 5 அன்று அவர் பிறந்தார். ஓராண்டிலேயே தாயை இழந்தார். பள்ளியிறுதி ஆண்டில் தந்தையும் மறைந்தார். படிப்பு அத்தோடு நின்றிருக்கும். சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் பொருளுதவி செய்து அவரைக் கரையேற்றினார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிக் கல்வி முடித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, 1929 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அங்கிருந்தபடியே, உலகக் கணித அறிஞர்களை நெடுங்காலம் திணறவைத்த வாரிங் கணக்கில் பெருவெற்றி கண்டார். எந்த முழு எண்ணையும் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டாக எழுதலாம் என்று 1940 இல் நிறுவியவர் அவரே.

இத்தகையவர் ஒரு சமயம் எளிய வினா ஒன்றை எழுப்பினார். 1 முதல் ஏதேனும் ஓர் எண் வரை பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். விடையை மீதியின்றி வகுக்கும் பகா எண் எதை எடுத்தாலும், அதில் ஒன்றைக் கழித்தால் வருவது நாம் தொடங்கிய எண்ணால் வகுபடுமா?

தாளும் பென்சிலும் எடுத்தேன். 5 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 121, அதை வகுக்கும் பகா எண் 11, ஒன்று போனால் 10, ஐந்தால் வகுபடுகிறது! 7 க்கு 5041, அதாவது 71 இன் வர்க்கம். 70 ஏழால் வகுபடுகிறது! துள்ளினேன். 8 க்கு வந்தேன். 40321; அது 61 ஐ 661 ஆல் பெருக்கியது. 60 எட்டால் வகுபடவில்லை! 11 க்கு வரும் 39916801 தானே ஒரு பகா எண். அங்கே விதி மீண்டும் பொருந்துகிறது. ஆயினும் ஒருமுறை உடைந்தது உடைந்ததுதானே?

ஆம், விடை இல்லை என்பதே. சௌலா என்னும் அறிஞர் 23 என்ற பகா எண்ணைக் காட்டி அதை மறுத்தார். ஆனால் நண்பர்களே, விதிக்கு அடங்காத அந்த எண்களுக்கே இன்று பிள்ளை பகா எண்கள் என்று பெயர். அவை முடிவின்றி உள்ளன என்பதும் பின்னர் நிறுவப்பட்டது. பொய்த்துப்போன வினாவும் ஒரு புதுவழியைத் திறந்துவிட்டது!

பின்னாளில் கல்கத்தாவில் பணியாற்றிய பிள்ளையவர்கள், 1950 இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணிதப் பேரவைக்குப் புறப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவுக்கு அருகில் விமானம் விழுந்து நொறுங்கியது. நாற்பத்தொன்பது வயதில் அப்பேரறிவு அணைந்தது.

மறுநாள் வகுப்பில் எழுந்து என் ஐயத்தைக் கேட்டேன். இருவர் நகைத்தனர். ஆசிரியர் நகைக்கவில்லை, சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.