கேமரா இல்லாமல் படம் எடுத்தவர்



கார்ட்டூன் படம் செய்யணும்னா கம்ப்யூட்டர் வேணும், நிறைய காசு வேணும்னுதான் நானும் நினைச்சுட்டு இருந்தேன். நார்மன் மெக்லாரன் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணமே போய்விட்டது!

மெக்லாரன் 1914ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் என்ற ஊரில் பிறந்தார். கிளாஸ்கோ ஓவியக் கல்லூரியில் படிக்கும்போது அவருக்கு அனிமேஷன் ஆசை வந்தது. ஆனால் கையில் கேமரா இல்லை. என்ன செய்தார் தெரியுமா? தேய்ந்துபோன பழைய சினிமா பிலிமை ஊறப்போட்டு, அதில் இருந்த படத்தையெல்லாம் கழுவி எடுத்தார். கண்ணாடி மாதிரி ஆன பிலிம் மேலேயே வண்ண மையால் வரைந்துவிட்டார்!

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். அப்படியென்றால் ஒரு நிமிடத்துக்கு 1440. ஒவ்வொன்றும் சின்ன தபால்தலை அளவுதான். எவ்ளோ பொறுமை வேணும், யோசிச்சுப் பாருங்க!

பிலிமின் ஓரத்தில் சத்தத்துக்கென்று ஒரு பட்டை உண்டு. அதிலும் அவர் கோடு போட்டார். கோடுகள் நெருங்கி இருந்தால் ஸ்ருதி ஏறும், தள்ளி இருந்தால் இறங்கும். 1940இல் வந்த 'டாட்ஸ்' படத்தில் காட்சி, ஒலி இரண்டுமே பேனாவால் வரைந்தவைதான். வாத்தியமே கிடையாது.

1941இல் கனடா நாட்டின் தேசியத் திரைப்பட வாரியத்தில் சேர்ந்தார். யுனெஸ்கோ சார்பில் பயிற்சி கொடுக்க 1949இல் சீனாவுக்குப் போனார். அங்கே புரட்சி நடந்ததை நேரில் பார்த்தார். அடுத்த வருடமே கொரியாவில் போர். மனம் கலங்கித்தான் 1952இல் 'நெய்பர்ஸ்' என்ற 8 நிமிடப் படம் எடுத்தார்.

இதில் பொம்மைகளுக்குப் பதில் மனிதர்கள். அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்தார். குதிக்கும்போது மேலே இருக்கும் நொடியை மட்டும் எடுத்துச் சேர்த்ததால், அவர்கள் பறப்பது போலத் தெரியும்! கதை சின்னதுதான். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு பூ பூக்கிறது. யாருக்குச் சொந்தம் என்று சண்டை. வேலி போடுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், பூவும் நசுங்கிப் போகிறது. கடைசியில் இரண்டு பேருமே செத்துப்போகிறார்கள். இந்தப் படத்துக்கு 1953இல் ஆஸ்கார் விருது கிடைத்தது.

அதே வருடம் அவர் பயிற்சி கொடுக்க நம் இந்தியாவுக்கும் வந்தார். 1957இல் அவர் எடுத்த நாற்காலிக் கதைக்கு ரவிசங்கர் சிதார் வாசித்தார். அந்த நாற்காலி தன் மேல் யாரையும் உட்காரவிடாது. மனிதன் முதலில் அதைத் தன் மேல் உட்காரவைத்த பிறகுதான் சமாதானம் ஆகும்.

1987 ஜனவரி 27 அன்று மெக்லாரன் மறைந்தார்.

இதைப் படித்ததும் எனக்கு எங்க பெஞ்சுதான் ஞாபகம் வந்தது. நடுவில் பேனாவால் கோடு போட்டு, முழங்கை தாண்டினதுக்குச் சண்டை பிடித்து, நானும் பக்கத்தில் இருப்பவனும் பத்து நாள் பேசவே இல்லை. திங்கட்கிழமை நானே போய்ப் பேசிவிட்டேன். இப்போ ரெண்டு பேரும் ரஃப் நோட்டு ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாகப் பூ வரைகிறோம். வேகமாகப் புரட்டினால் பூ விரியும்! இதுவரை 48 பக்கம் முடிந்திருக்கிறது. மெக்லாரன் கணக்குப்படி 2 நொடிதான்!