40 படுக்கைகளில் எழுந்த ஊர்

ஏலகிரி அடிவாரத்திலிருந்து ராணிப்பேட்டை வரை நீளும் பாலாற்றங்கரை ஊர்களைத் தோல் தொழிலின் ஊர்களாகவே நாம் அறிவோம். வேலூருக்கு மட்டும் இன்னொரு முகவரியும் உண்டு. அதை எழுதியவர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர்.

பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர். தந்தையும் மருத்துவரே. ஐடாவுக்கோ இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லை. நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவம் பார்க்க அவரை அழைத்தனர். மருத்துவம் அறியாத அவர் தந்தையை அனுப்ப முன்வந்தார். ஆண் மருத்துவருக்கு அவ்வீடுகள் இசையவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே அவரது வாழ்க்கையைத் திருப்பியது.

1899-இல் கார்னெலில் மருத்துவப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு திரும்பினார். வேலூரில் ஒரேயொரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். நியூயார்க் வங்கியாளர் ஷெல், மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரில், 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என வளர்ந்தது. குடியாத்தம் சாலையோர மரநிழல்களிலும் அவர் நோயாளிகளைப் பார்த்தார்.

1920-களில் நகரின் நடுவே பெரிய மருத்துவமனை அமைந்தது. என்னைப் போன்ற பொருளியல்காரர்கள் கவனிக்க வேண்டிய கட்டம் இதுதான். நம் கணக்கேடுகளில் பழைய கட்டடத்தின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்ந்து, கடைசியில் மனையின் விலையே எஞ்சும். இடித்து விற்பதே ஆதாயம் என்று ஏடு சொல்லும். ஆரணி சாலையிலுள்ள ஷெல் வளாகத்துக்கு அந்த விதி நேரவில்லை. அது கண் மருத்துவமனையாயிற்று. பழைய கட்டடத்தைக் காப்பது அதைப் பூட்டி வைப்பதன்று. பொருத்தமான வேலை கொடுப்பது.

பெரிய மருத்துவமனையைச் சுற்றி விடுதிகளும் உணவகங்களும் மருந்துக்கடைகளும் பெருகின. வங்க மொழிப் பெயர்ப்பலகைகள்கூடத் தொங்குகின்றன. ஒரு நிறுவனம் ஊரை விட்டு அகலாமலிருந்ததன் விளைவு இது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் முற்றம் வைத்த பழைய வீடுகள் வணிக வளாகங்களுக்கு வழிவிடும்போது, இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க 2012-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. சிற்றூர்களின் நகராட்சிகள் தத்தம் பட்டியலைத் தயாரிக்க இனியும் தாமதிக்கலாகாது.

ஐடா ஸ்கடர் 1960 மே மாதம் கொடைக்கானலில், 89 வயதில் காலமானார். ஷெல் வளாகத்துக்குக் கண் நோயாளிகள் இன்றும் வந்துகொண்டிருக்கிறார்கள்.