17 ஆண்டுகள் காத்திருந்த வெற்றி

விளையாட்டு வீரர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெற்றிகளின் பட்டியலைத்தான் எழுதுகிறார்கள். இந்த ஆண்டு இந்தக் கோப்பை, அடுத்த ஆண்டு அந்தக் கோப்பை என்று படித்துக்கொண்டே போகும்போது, இவர்கள் தோற்றதே இல்லையோ என்று நமக்கு மலைப்பு உண்டாகிறது. அமெரிக்கக் கோல்ஃப் வீரர் பிரான்சிஸ் வீமெட்டின் வாழ்க்கை அப்படிப்பட்டதன்று. 20 வயதில் உலகப் புகழ் பெற்றார். 22 வயதில் அமெச்சூர் வீரர் என்ற தகுதியை இழந்தார். 24 வயதில் அதைத் திரும்பப் பெற்றார். அதன்பின் ஒருநாள் சூரியனாகவும் மறுநாள் மின்மினியாகவும் ஆடி, 38 வயதில்தான் விட்ட பட்டத்தை மறுபடியும் பிடித்தார். தோழியரே, நாம் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புவது அந்த இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றித்தான். ஆயினும் தொடக்கத்தைச் சொல்லாமல் நடுவைச் சொல்ல இயலாது அல்லவா?

பிரான்சிஸ் வீமெட் 1893-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகரை ஒட்டிய புரூக்லைன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சு வழியினர்; தோட்ட வேலை போன்ற கூலி வேலைகள் செய்து குடும்பத்தைக் காத்தவர். தாய் ஐரிஷ் வழியினர். அவர்கள் குடியிருந்த கிளைட் தெரு வீட்டுக்கு நேர் எதிரே, சாலைக்கு அப்பால், கண்ட்ரி கிளப் என்னும் செல்வந்தர் சங்கத்தின் கோல்ஃப் மைதானம் பரந்து கிடந்தது. அதன் 17-ஆவது குழி அவர்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம்.

கோல்ஃப் ஆட்டத்தில் மொத்தம் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் நூற்றுக்கணக்கான கஜ தூரத்திலிருந்து பந்தை அடித்து, எவ்வளவு குறைந்த அடிகளில் குழிக்குள் விழச் செய்கிறோம் என்பதே கணக்கு. கனவான்கள் ஆடுவார்கள், அவர்களுடைய மட்டைப் பையைத் தோளில் சுமந்துகொண்டு ஏழைச் சிறுவர்கள் பின்னால் நடப்பார்கள். இச்சிறுவர்களுக்குக் கேடி என்று பெயர். (நம் ஊரில் கேடி என்றால் போலீசார் தேடும் ஆள் என்று பொருள். இவர்கள் அவர்கள் அல்லர்!) பிரான்சிஸும் பள்ளி நாட்களில் கேடி வேலைக்குச் சென்றார். புதரில் காணாமற்போன பந்துகளைப் பொறுக்கிச் சேர்த்து வைப்பார். அண்ணன் தம்பி இருவருமாக வீட்டின் பின்புற மேய்ச்சல் நிலத்தில் தகர டப்பாக்களைப் புதைத்து, தமக்கென்று மூன்று குழிகள் அமைத்துக்கொண்டார்கள். தந்தைக்கு இதெல்லாம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அக்காலத்து விதிப்படி, 16 வயதுக்கு மேலும் கேடியாக இருந்தால் அமெச்சூர் தகுதி போய்விடும். அமெச்சூர் என்றால் பணத்துக்காக ஆடாதவர். எனவே பிரான்சிஸ் அந்த வேலையை விட்டார். பிறகு படிப்பையும் விட்டு, விளையாட்டுச் சாமான்கள் விற்கும் கடையில் வேலைக்கு அமர்ந்தார். போட்டியில் சேர ஏதேனும் ஒரு கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். அதற்குத் தாயிடம் 25 டாலர் கடன் வாங்கினார். 1910, 1911, 1912 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேசிய அமெச்சூர் போட்டியின் தகுதிச் சுற்றில் ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் அடியில் வாய்ப்பைத் தவற விட்டார்.

1913 செப்டம்பரில், அவருடைய வீட்டுக்கு எதிரேயுள்ள அதே மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் போட்டி நடந்தது. இங்கிலாந்திலிருந்து இரு பெரும் வீரர்கள் வந்திருந்தார்கள். ஹாரி வார்டன் பிரிட்டிஷ் ஓப்பனை அதுவரை ஐந்து முறை வென்றவர். டெட் ரே முந்திய ஆண்டில் அதை வென்றவர். இவர்களுக்கு எதிரே 20 வயதுக் கடைச் சிப்பந்தி. அவருடைய பையைச் சுமந்தவன் எட்டி லோவரி என்னும் 10 வயதுச் சிறுவன். பையைவிடப் பையன் சிறியவன் என்று பழைய புகைப்படத்தைப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும். நான்கு சுற்றுகள் முடிந்தபோது மூவரும் 304 அடிகளில் சமமாக நின்றனர். மறுநாள் மழையில் நனைந்த தரையில் மூவருக்கும் மட்டும் ஒரு சுற்று. எட்டியை நீக்கிவிட்டுப் பெரிய ஆளைக் கேடியாக வைத்துக்கொள்ளும்படி பலர் சொல்லியும் பிரான்சிஸ் இசையவில்லை. முடிவில் பிரான்சிஸ் 72, வார்டன் 77, ரே 78. யு.எஸ். ஓப்பனை ஓர் அமெச்சூர் வென்றது அதுவே முதல் முறை. கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. பரிசுப் பணத்தை அவர் தொடக் கூடாது. ஆகவே எட்டிக்காகத் தொப்பியை நீட்டிக் காசு திரட்டினார்கள்.

அடுத்த ஆண்டு 1914-இல், வெர்மான்ட் மாநிலத்தில் நடந்த தேசிய அமெச்சூர் போட்டியையும் ஜெரோம் டிராவர்ஸை வீழ்த்தி வென்றார். அவருடைய உள்ளத்துக்கு மிகவும் நெருங்கிய பட்டம் இதுதான். இனி இவரை யாரால் வெல்ல முடியும் என்று ஊரே பேசியது.

வென்றது ஆளல்ல, விதிப் புத்தகம். பிரான்சிஸ் தம் வருங்கால மைத்துனரோடு சேர்ந்து பாஸ்டனில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றைத் திறந்தார். கோல்ஃபில் பெற்ற புகழால் அக்கடைக்கு வியாபாரம் நடக்கும். ஆதலால் அவர் இனி அமெச்சூர் அல்லர் என்று 1916-இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் தீர்ப்பளித்தது. அவர் ஆட்டத்துக்குக் காசு வாங்கியவர் அல்லர். தெரிந்த தொழிலைச் செய்து பிழைக்கப் பார்த்தார், அவ்வளவே. மாளிகையில் பிறந்தவருக்குக் கடை வைத்துப் பிழைக்க வேண்டிய தேவை இல்லை. ஆகவே அவருடைய தகுதிக்கு ஒருநாளும் ஆபத்தில்லை. ஏழைக்குத்தான் இந்த விதி சுட்டது. இது நியாயமன்று என்று நாம் துணிந்து சொல்கிறோம். அக்காலத்திலும் பலர் அப்படியே சொன்னார்கள். மேற்கத்தியக் கோல்ஃப் சங்கம் அந்தத் தடையை ஏற்க மறுத்துத் தன் போட்டியில் அவரைச் சேர்த்துக்கொள்ள, 1917-இல் அவர் அதை வென்றும் காட்டினார். முதல் உலகப் போர் வந்தது. பிரான்சிஸ் படையில் சேர்ந்தார். 1918 தொடக்கத்தில் சங்கம் ஓசையில்லாமல் அவருடைய தகுதியைத் திருப்பிக் கொடுத்தது.

கொடுத்தது சரி; ஆனால் பழைய ஆட்டத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

திரும்பி வந்தவருடைய ஆட்டம் புரியாத புதிராக இருந்தது. 1920-ஆம் ஆண்டுத் தேசிய அமெச்சூர் போட்டியையே எடுத்துக்கொள்வோம். அரையிறுதியில் எதிரே வந்தவர் பாபி ஜோன்ஸ் என்னும் 18 வயது இளைஞர். கோல்ஃப் உலகத்தையே ஆளப்போகிறவர் அவர். பிரான்சிஸ் அவரை எளிதாக வீழ்த்தினார். ஆனால் இறுதி ஆட்டத்தில் சிக் எவன்ஸிடம் படுதோல்வி அடைந்தார். முந்திய ஆட்டத்தில் ஆடியவர் இவர்தானா என்று கேட்கும்படி ஆயிற்று.

இந்தப் போட்டியின் முறையைச் சற்று விளக்கினால்தான் அவருடைய துன்பம் விளங்கும். யு.எஸ். ஓப்பனில் மொத்த அடிகளைக் கூட்டுவார்கள். ஒரு குழியில் தவறினாலும் அடுத்ததில் ஈடு கட்டலாம். அமெச்சூர் போட்டியிலோ தகுதிச் சுற்று முடிந்தபின் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும். குழிக்குக் குழி வெற்றி தோல்வி. தோற்றவர் அன்றே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே நாலைந்து நாள் தொடர்ந்து ஒரே தரத்தில் ஆடுகிறவருக்கே பட்டம். மூன்று நாள் மேதையாக ஆடி நான்காம் நாள் கை தடுமாறினால், அந்த மூன்று நாளும் வீண். கணக்கில் நூறும் அறிவியலில் நாற்பதும் வாங்கினால் ரேங்க் எங்கே போகும் என்று பத்தாம் வகுப்பிலுள்ள நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை!

1923-இல் அரையிறுதியில் ஜெஸ் ஸ்வீட்சரிடம் தோற்றார். 1924-இல் அரையிறுதி; எதிரே மறுபடியும் ஜோன்ஸ், ஆனால் இப்போது முழுமையாக வளர்ந்துவிட்ட ஜோன்ஸ். 36 குழி ஆட்டத்தில் இன்னும் 10 குழிகள் மீதமிருக்கும்போதே பிரான்சிஸ் 11 குழிகள் பின்தங்கிவிட்டார். ஆட வேண்டிய அவசியமே இல்லாமல் ஆட்டம் முடிந்தது. 1926-இலும் அரையிறுதி, அதே ஜோன்ஸ். 1927-இலும் அரையிறுதி, அதே ஜோன்ஸ். 1929-இல் ஜோன்ஸ் முதல் சுற்றிலேயே வெளியேறினார். வழி திறந்தது என்று நினைத்தால், அரையிறுதியில் வேறொருவர் வந்து பிரான்சிஸைத் தோற்கடித்தார். ஏழு ஆண்டுகளில் ஐந்து அரையிறுதிகள், ஐந்திலும் தோல்வி!

ஆட்டமே போய்விட்டது என்றால் விட்டுவிடலாம். வேதனை என்னவென்றால் ஆட்டம் போகவில்லை. தம் மாநிலத்து அமெச்சூர் பட்டத்தை 1919, 1922, 1925 ஆகிய ஆண்டுகளில் வென்றார். 1923-இல் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆன்ட்ரூஸில் நடந்த வாக்கர் கோப்பைப் பந்தயத்தில், தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு தம் ஆட்டத்தைச் சமன் செய்தார். அமெரிக்க அணி ஒரே புள்ளி வித்தியாசத்தில்தான் அன்று வென்றது. 1925 யு.எஸ். ஓப்பனில் முதலிடத்துக்கு மோதிய இருவரைவிட ஒரே ஓர் அடிதான் கூடுதல். இத்தனைக்கும் அவர் வாரம் முழுதும் அலுவலக வேலை பார்த்தவர். கடையை விட்டபின் வங்கி, பங்கு வணிகத் துறைகளில் உழைத்துக் குடும்பத்தை நடத்தினார். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தனர். தொழில்முறை ஆட்டக்காரராக மாறிப் பணம் சேர்த்திருக்கலாம். பறித்துத் திருப்பித் தந்த அந்த அமெச்சூர் தகுதியை அவர் விடவில்லை.

1930-இல் பாபி ஜோன்ஸ் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றுவிட்டுப் போட்டிகளிலிருந்து விலகினார். 1931-இல் சிகாகோ நகரின் பெவர்லி மைதானத்தில் தேசிய அமெச்சூர் போட்டி. பிரான்சிஸுக்கு வயது 38. இம்முறை அரையிறுதியைத் தாண்டினார். இறுதி ஆட்டத்தில் ஜாக் வெஸ்ட்லாண்டை, ஐந்து குழிகள் மீதமிருக்கும்போதே ஆறு குழிகள் முந்தி வென்றார். 1914-க்குப் பிறகு 1931! இடையில் 17 ஆண்டுகள். ஜோன்ஸ் இல்லாததால்தான் வென்றார் என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். ஆனால் ஜோன்ஸ் இல்லாத அந்தப் போட்டியில் நாடெங்குமிருந்து வந்த இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரும் வெல்லவில்லையே!

இங்கே தோற்றுப்போன வெஸ்ட்லாண்டின் கதையையும் ஒரு வரியில் சொல்லத்தான் வேண்டும். அவர் 21 ஆண்டுகள் கழித்து, 1952-இல், தம் 47-ஆவது வயதில் அதே பட்டத்தை வென்றார். அதை வென்றவர்களுள் மிக மூத்தவர் அவரே.

பிரான்சிஸ் 1932 முதல் 1949 வரை வாக்கர் கோப்பை அணியின் தலைவராக இருந்தார். 1949-இல் மாசசூசெட்ஸ் மாநிலக் கேடிச் சிறுவர்களின் கல்லூரிப் படிப்புக்காக அவர் பெயரில் ஓர் உதவி நிதி தொடங்கப்பட்டது. கோல்ஃப் மைதானங்களில் வேலை செய்யும் மாணவ மாணவியருக்கு அது இன்றும் உதவி வருகிறது. படிப்பைப் பாதியில் விட்டவருடைய பெயரில் எத்தனை பட்டதாரிகள்!

1951-இல் செயின்ட் ஆன்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டனைச் சேராத ஒருவருக்கு அப்பதவி கிடைத்தது அதுவே முதல் முறை. அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. புதிய தலைவர் முதல் நாள் காலையில் ஒரு பந்தை அடிக்க வேண்டும். தொலைவில் கேடிகள் கூட்டமாக நின்று அதைப் பிடிக்க முண்டியடிப்பார்கள். பந்தைக் கொண்டுவந்து கொடுப்பவருக்குத் தலைவர் ஒரு தங்கக் காசு தர வேண்டும். ஒரு காலத்தில் புதரில் பந்து தேடிய கைகள் அன்று அந்தக் காசைக் கொடுத்தன.

1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், 74-ஆவது வயதில் பிரான்சிஸ் வீமெட் காலமானார். எட்டி லோவரி அதற்குள் கலிபோர்னியாவில் பெரிய கார் வியாபாரியாகி இருந்தார். இருவரின் நட்பு கடைசிவரை குறையவில்லை. அடக்க நாளில் பெட்டியைச் சுமந்தவர்களுள் எட்டியும் ஒருவர்.