திருநாவுக்கரசு நாயனாரும் திலகவதியம்மையாரும்

சித்திரைச் சதயம் அப்பமூர்த்திகள் சிவபதம் அடைந்த திருநாள். அந்நாளிலே நாயனார் சரித்திரத்தை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர் பலர் நீற்றறை, யானை, கல் முதலிய அற்புதங்களை விரித்துச் சொல்லி, அவற்றுக்கு முன்னே ஒரு குடும்பத்தினுள் நிகழ்ந்ததைச் சில வார்த்தைகளிலே கடந்துவிடுகின்றனர். யாமும் பல வருடம் அவ்வாறே செய்தோம். மாத்தளையிலே தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே, அப்பகுதியே அவர்கள் நெஞ்சிற்கு மிக அணித்தென்று கண்டோம். மாசிமகத்திலே முத்துமாரியம்மன் பஞ்சரதம் வீதிவலம் வரும்போது வடம் பிடிக்கும் தமையனும், வேறொரு சபையிற் சேர்ந்து அத்தேரைக் கண்ணெடுத்தும் பாராத தம்பியும் ஒரே லயத்திலே பேச்சற்று வாழும் வீடுகள் இங்கு உள. ஆதலால் இம்முறை அப்பகுதியையே விரிக்கின்றோம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாராகத் திலகவதியாரும், சில ஆண்டு சென்றபின் மகனாராக மருணீக்கியாரும் பிறந்தனர். திலகவதியாரைச் சேனாபதியாராகிய கலிப்பகையாருக்கு மணம் பேசினர். மணம் நிகழுமுன் அவர் அரசனேவலாற் போர்மேற் சென்றார். அக்காலத்திலே புகழனார் இறந்தார். மாதினியாரும் உடன் உயிர் நீத்தார். பின்னர்க் கலிப்பகையாரும் போர்க்களத்தில் இறந்தார் என்ற செய்தி வந்தது. அம்மையார் தாமும் உயிர்விடத் துணிந்தபோது, தம்பியார் அவர் பாதத்தில் வீழ்ந்து, தமக்கு வேறு துணையில்லை என்று அழுதார். தம்பியின் பொருட்டே தமக்கையார் உயிர் தாங்கினார்.

அத்தம்பியே வளர்ந்து, தண்ணீர்ப்பந்தரும் சோலையும் குளமும் அமைத்து அறம்பல செய்து, நிலையாமையை நினைந்து, மெய்ந்நெறி எதுவென ஆராய்ந்து, பாடலிபுரத்துச் சமணர்பள்ளியிற் சேர்ந்தார். பாடலிபுரமாவது இக்காலத்துத் திருப்பாதிரிப்புலியூர். கி. பி. 458இலேயே சமணநூல் எழுதப்பெற்ற கல்வித்தலம் அது. அங்கே அவர் நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றார். எவருக்காக உயிர் வைத்திருந்தாரோ அவரே தம்மை விட்டு வேறு நெறி புகுந்தபோது, அம்மையார் பட்ட துயரம் எத்தகையது! ஆயினும் அவர் பாடலிபுரம் சென்று வாதிடவில்லை. தம்பி இல்லையென்று கைகழுவவும் இல்லை. கெடிலக்கரைத் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, திருவலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்து, தம்பியை மீட்டருளும்படி நாடோறும் விண்ணப்பஞ்செய்தார்.

அப்பால் தருமசேனரைச் சூலைநோய் பற்றியது. மந்திரமும் மயிற்பீலியும் பயன்படவில்லை. அவர் சமையற்காரனைத் தமக்கையாரிடம் அனுப்பினார். தம்பியிடமிருந்து வந்தேன் என்று அவன் சொன்னவுடன், அம்மையார் முதற்கண் வினாவியது தம்பிக்கு ஏதும் தீங்கு நேர்ந்ததோ என்பதே. அத்தனை காலப் பிரிவைக் குறித்து ஒரு சுடுசொல்லும் எழவில்லை. செய்தி முழுவதும் கேட்டபின், சமணர்பள்ளிக்குத் தாம் வாரோம் என்று மாத்திரம் சொல்லிவிடுத்தார்.

இவ்விடத்தே மாணவியொருத்தி எம்மை ஒருமுறை மறித்தாள். தம்பி நோயால் துடிக்கும்போது அக்காள் போகாதிருந்தது கொடுமையன்றோ என்று வினாவினாள். அன்று தக்க விடை எமக்கு வாய்க்கவில்லை. பின்னர்ச் சிந்தித்துத் தெளிந்தது இது: அம்மையார் மறுத்தது பள்ளியை, தம்பியையன்று. தாம் நின்ற நிலை பெயர்ந்திருப்பாராயின், திரும்பி வருபவருக்கு வந்து சேர ஓரிடம் இல்லாது போயிருக்கும்.

அம்மறுமொழி கேட்ட தம்பியார் பாயும் குண்டிகையும் பீலியும் ஒழித்து, வெண்டுகில் உடுத்து, இரவிலே ஒருவரும் அறியாமல் திருவதிகை சேர்ந்து தமக்கையார் அடியில் வீழ்ந்தார். அம்மையார் காரணம் கேட்கவில்லை, கணக்கும் கேட்கவில்லை. எழுக என்றார், திருவைந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார், திருப்பள்ளியெழுச்சிக் காலத்திலே அலகும் கோமயமும் எடுத்துத் திருக்கோயில் புகுந்தபோது தம்பியாரையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே நாயனார் முதற்பதிகம் பாடினார், சூலை நீங்கியது, நாவுக்கரசு என்னும் திருநாமம் கிடைத்தது.

யாம் இளமையில் மிஷன் பாடசாலையிற் கற்றபோது கெட்டகுமாரன் கதையைப் பலமுறை கேட்டோம். அது அழகிய கதையே. அக்கதையிலே மூத்தவன் முகங்கோணி வீட்டின் வெளியே நின்றான். நம் சரித்திரத்திலோ மூத்தவரே வாயிலில் நின்று வரவேற்றார்.

இனி, விட்டுவந்த கூட்டத்தார் செய்தது யாது? தலைவரை இழந்த சமணர்கள் அரசனிடம் முறையிட்டனர். தமக்கை சைவத்தில் நின்றமையாலே தருமசேனர் நோயென்று பொய்கூறிப் போனார் என்பதே அவர்கள் சாற்றிய குற்றம். குடும்பப்பாசமே அங்கு வழக்காயிற்று. நீற்றறை, நஞ்சு, யானை, கல் என்பன அதன்பின் வந்தவை. அவ்வரசனை முதலாம் மகேந்திரவர்மன் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். அவன் பிறநெறியினின்று மீண்டு இலிங்கவழிபாட்டை மேற்கொண்டமையைச் சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டுக் குறிக்கும் என்பர். பின்பு அவன் பாடலிபுரத்துப் பள்ளியை இடித்துத் திருவதிகையிலே குணபரவீச்சரம் எடுத்தான். இடித்தது அரசன் செயல், நாயனார் செயலன்று. நாலடியாரையும் சிந்தாமணியையும் வகுப்பிலே கற்பிக்கும் நாம் அவ்விடிப்பைப் புகழ்ந்துரைத்தல் வேண்டா.

நாயனார் கையிற் கொண்டது வாளன்று, உழவாரம். கோயில்தோறும் புல்லைச் செதுக்கிய அத்தொண்டு, அம்மையார் திருவதிகையில் அலகேந்திச் செய்த தொண்டின் தொடர்ச்சியேயாம். தமக்கையாரன்றி உறவில்லாதிருந்த அவரைப் பிற்காலத்திலே திருஞானசம்பந்தர் அப்பரே என்று அழைத்தார். கண்டறியாத அப்பூதியடிகளோ தம் மக்களுக்கு அவர் பெயரையே இட்டார்.

ஆசிரியர்காள்! நம் மாணவன் ஒருவன், அல்லது நம் உடன்பிறந்தான் ஒருவன், நம் நெறி விட்டுச் செல்லுதல் கூடும். அன்று அவனை ஏசி, பந்தியிலே ஒதுக்கி, தாயின் ஈமக்கடனுக்கும் அழையாது விடுவோமாயின், அவன் நோயுற்ற இரவிலே எவ்வாயிலை நாடுவான்? நம் நெறியிலே உறுதியாக நிற்போம். அவன் செய்தி வரும்போது முதற்கண் நலம் வினாவுவோம். இச்சித்திரைச் சதயத்திலே அம்மையார் சரித்திரத்தை மாணவர்க்கு நிறுத்திச் சொல்லுங்கள். கேட்கும் பிள்ளைகளுள் ஒருவனேனும் அன்று மாலை அடுத்த காம்பராக் கதவைத் தட்டுவானாயின், அதுவே நாம் செய்த குருபூசை.

திருச்சிற்றம்பலம்.